கம்பெனி நீட்டும் ஏஐ ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

சட்ட ஆலோசனை: வாசகர் கேள்வி

சென்னையில் வீடியோ கேம்களுக்குப் படம் செய்து தரும் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 33. 2017 முதல் மூன்று ஆண்டுகள் இதே நிறுவனத்துக்கு ஃப்ரீலான்ஸாக வரைந்தார். 2020-ல் நிரந்தர ஊழியரானார். இப்போது பதவி ‘லீட் ஆர்ட்டிஸ்ட்’. நிறுவனம் சொந்தமாக கேம் எடுப்பதில்லை. வெளிநாட்டு கேம் கம்பெனிகளுக்கு வேண்டிய ஆயுதங்கள், உடைகள், கட்டடங்கள், மரம் செடிகளை 3டி-யில் செய்து அனுப்புவதுதான் பிழைப்பு.

2021-ல் முதலாளிக்கு என்எஃப்டி (கணினியில் இருக்கும் ஒரு படத்துக்கோ பொருளுக்கோ டிஜிட்டல் உரிமைச் சீட்டு போட்டு விற்பது) மோகம் பிடித்தது. அந்த வருட போனஸில் பாதியை ஏதோ ஒரு கேம் டோக்கனாகக் கொடுத்தார்கள். இன்று அதை விற்றால் ஒரு டீ கூட வாங்க முடியாது. அப்புறம் மெட்டாவெர்ஸ் என்றார்கள், இப்போது ஏஐ என்கிறார்கள். ஆறு பேரை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. மீதி இருப்பவர்களிடம் ஒரு புதிய ஒப்பந்தத்தை நீட்டி, “எல்லாம் வழக்கமான ஃபார்மாலிட்டிதான், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்” என்கிறது எச்ஆர்.

ஒப்பந்தத்தில் இருப்பவை இவை. இதுவரை வரைந்த, இனி வரையப்போகும் எல்லாப் படங்களையும், “சொந்தப் போர்ட்ஃபோலியோ உட்பட”, ஏஐ பயிற்சிக்கு, அதாவது படம் செய்யும் ஏஐ மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க, பயன்படுத்த நிரந்தர அனுமதி. குரல், முகம், உடல் அசைவுப் பதிவுகளுக்கும் அதே அனுமதி. கொடுத்த படங்களால் மூன்றாம் தரப்பு யாராவது வழக்குப் போட்டால் நஷ்டம் ஊழியர் தலையில். இரண்டு ஆண்டு பாண்ட், நடுவில் போனால் ஐந்து லட்சம். சம்பள உயர்வுக்குப் பதிலாக, தொடங்கப்போகும் ஏஐ பிரிவில் ‘பங்கு’.

அவர் கேட்பது: “நான் வரைந்தது எனக்குத்தானே சொந்தம்? போர்ட்ஃபோலியோவில் ‘நோ ஏஐ’ டேக் போட்டிருக்கிறேன், அதை மீறி எடுக்க முடியுமா? இதுவும் என்எஃப்டி மாதிரி இரண்டு வருஷத்தில் அடங்கிவிடும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திரு என்கிறார் கணவர். சரியா? போடாவிட்டால் மறுநாளே அனுப்பிவிடுவார்களா? எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸ் ஃபைல்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்திருக்கிறேன்.”

முதலில் அந்த ஹார்டு டிஸ்க்

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. ‘நான் செய்த வேலைக்கு ஆதாரம்’ என்று நினைத்துத்தான் எடுத்திருப்பீர்கள். ஆனால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் வருகிறது. கம்பெனி இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்தீர்கள் என்று காட்ட முடிந்தால் 66-ஆம் பிரிவும் சேரும்: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போதாக்குறைக்கு, அந்த ஃபைல்களில் இன்னும் வெளிவராத கேம்களின் படங்களும் இருக்கலாம். என்டிஏ-வில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இன்று நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு டிஸ்க் வெளியே தெரிந்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போகும், ஒப்பந்தத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

இனி ஒரு ஃபைலைக்கூட எடுக்காதீர்கள். எடுத்ததை யாருக்கும் அனுப்ப வேண்டாம், எங்கும் ஏற்ற வேண்டாம். பயந்துபோய் அவசரமாக அழிக்கவும் வேண்டாம், ஏனென்றால் அழித்ததற்குப் பின்னால் வேறு அர்த்தம் கற்பிப்பார்கள். இந்த வாரமே ஒரு வக்கீலை நேரில் பார்த்து, அதை எப்படி ஒப்படைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவும் ஆதாரங்கள் வேறு. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃப்ரீலான்ஸ் காலத்து ஒப்பந்தங்களும் இன்வாய்ஸ்களும், வங்கிக் கணக்கில் பணம் வந்த பதிவு, இந்தப் புதிய ஒப்பந்தத்தின் பிரதி. பிரதி கொடுக்க மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எது உங்களுடையது, எது இல்லை

“நான் வரைந்தது எனக்குத்தானே சொந்தம்” என்பது பாதிதான் சரி. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, முதலாளியே முதல் உரிமையாளர் என்று அதே பிரிவு அடுத்து சொல்லிவிடுகிறது. ஆகவே 2020-க்குப் பிறகு ஆபீஸில் ஆபீஸுக்காகச் செய்தவை உங்களுடையவை அல்ல. அவற்றை ஏஐ-க்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. வருத்தமாக இருக்கும், ஆனால் இந்த இடத்தில் வாதாடி சக்தியை வீணாக்க வேண்டாம். 57-ஆம் பிரிவில் ஒரு சின்ன உரிமை மட்டும் உங்களிடம் தங்குகிறது. இதைச் செய்தவர் நான் என்று சொல்லிக்கொள்வதும், உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்ப்பதும் அந்த உரிமை. ஆனால் அதை வைத்து ஏஐ பயிற்சியைத் தடுத்த இந்தியத் தீர்ப்பு எதையும் என்னால் உங்களுக்குக் காட்ட முடியாது.

2017 முதல் 2020 வரையிலான காலம் வேறு கணக்கு. அப்போது நீங்கள் ஊழியர் இல்லை. உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுத்திருந்தால்தான் அது கம்பெனிக்குப் போயிருக்கும். (பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு 17-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கான்செப்ட் ஓவியங்களுக்கு எதிர்த்தரப்பு அதைக் கொண்டுவரலாம். 3டி மாடல்களுக்கு அதைப் பொருத்துவது சிரமம்.)

எழுதிக் கொடுத்திருந்தாலும் கதை முடியவில்லை. 2012-ல் வந்த திருத்தத்தின்படி 18-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுத்த நேரத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லியிருந்தால் தவிர, அந்த ஒப்பந்தம் செல்லாது. 2018-ல் எழுதிய தாளில் ‘ஏஐ பயிற்சி’ என்ற சொல்லே இருந்திருக்காது. இதை வைத்து வாதாட இடம் இருக்கிறது. புதிய ஒப்பந்தத்தில் “இதுவரை வரைந்த எல்லாமும்” என்று எழுதியிருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பழைய தாளில் இருக்கும் ஓட்டையை உங்கள் கையெழுத்தால் அடைக்கப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, வீட்டில், சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில் வரைந்தவை. வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, அவை முழுக்க உங்களுடையவை. ஓவியர்கள் படங்களைக் காட்சிக்கு வைக்கும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் 2022 டிசம்பரில் ஓவியர்கள் எல்லாரும் ஏஐ எதிர்ப்புப் படத்தை ஏற்றி நடத்திய போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அதையொட்டி வந்ததுதான் ‘நோ ஏஐ’ டேக். அது வெளியாட்களுக்கு வைக்கும் அறிவிப்புப் பலகை. நீங்களே ஒரு தாளில் “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த டேகுக்கு மதிப்பு இல்லை. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: ஒரு ஏஐ மாடலைப் பயிற்றுவித்து முடித்த பிறகு, அதிலிருந்து உங்கள் படங்களின் பங்கை மட்டும் பிரித்து எடுப்பது நடைமுறையில் கிட்டத்தட்ட முடியாத காரியம். ‘இப்போது கொடுத்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லலாம்’ என்ற யோசனை இதில் உதவாது.

உண்மையான முள் இருக்கும் இடம்

உங்களைப் போலவே உங்கள் சக ஊழியர்களும் “நம் படத்தை எடுக்கப் போகிறார்களே” என்ற கவலையில் இருப்பார்கள். எனக்குத் தூக்கம் கெடுக்கும் பிரிவு மூன்றாவது: வழக்கு வந்தால் நஷ்டம் உங்களுடையது என்பது.

அவுட்சோர்ஸிங் ஸ்டூடியோ செய்யும் அசெட்களுக்கான (கேமுக்குள் வரும் ஆயுதம், உடை, கட்டடம் போன்றவை) உரிமை பொதுவாக யாருக்குப் போகிறது? கிளையன்ட்டுக்கு. பணம் கொடுத்தவுடன் எல்லா உரிமையும் கேம் கம்பெனிக்கு என்றுதான் இத்தகைய ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. அப்படியானால் உங்கள் ஸ்டூடியோவுக்கே அந்தப் படங்களை ஏஐ-க்குக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா? வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டை அடமானம் வைக்க முடியாது. கிளையன்ட் அனுமதி இல்லாமல் அவருடைய அசெட்களை வெளி ஏஐ கருவி ஒன்றில் ஏற்றினால் அது என்டிஏ மீறலாகவும் ஆகலாம். கேம் கம்பெனிகளும் இப்போது கொஞ்சம் உஷாராகத்தான் இருக்கின்றன. கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் கேமை வெளியிடுபவர்கள் ஏஐ உள்ளடக்கம் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2024 ஜனவரியில் வால்வ் நிறுவனம் விதி கொண்டுவந்தது. கேம் கம்பெனி அங்கே உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அசெட் செய்து கொடுத்த ஸ்டூடியோவிடம் அது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தச் சிக்கல் வெடித்தால் யார் தலையில் விழ வேண்டும் என்பதை உங்கள் ஒப்பந்தம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. லாபம் வந்தால் முதலாளிக்கு, வழக்கு வந்தால் மாதச் சம்பளக்காரருக்கு. நான் பார்த்த அளவில் இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் வேண்டாம். “ஏஐ-யில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்வது நிறுவனம், ஆகவே அதன் பொறுப்பும் நிறுவனத்துடையது” என்று ஒரு வரி கேளுங்கள். மறுத்தால், கிளையன்ட்டிடம் அவர்கள் அனுமதியே வாங்கவில்லையோ என்று சந்தேகப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

“இதுவும் என்எஃப்டி மாதிரிதானே?”

உங்கள் கணவரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. கேம் துறையில் மோகங்கள் மாறும் வேகத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்தச் சலிப்பு வரும். ஜப்பானின் கேம் நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிடும் புத்தாண்டுக் கடிதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் வந்த கடிதம் என்எஃப்டி, அதற்கு அடிப்படையான பிளாக்செயின் தொழில்நுட்பம் பற்றிப் பேசியது. 2024 ஜனவரிக்குள் தலைவர் மாறியிருந்தார். அந்தக் கடிதம் ஏஐ-யைத் தீவிரமாகப் பயன்படுத்துவோம் என்றது. நடுவில், 2022 மே மாதம், டூம் ரைடர் கேம் உள்ளிட்ட சொத்துகளையும் அவற்றைச் செய்த ஸ்டூடியோக்களையும் 30 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தபோது, பிளாக்செயின், ஏஐ, கிளவுட் போன்றவற்றில் முதலீடு செய்ய இது வழிவகுக்கும் என்று சொன்னார்கள். வாங்கிய ஸ்வீடன் நிறுவனமான எம்ப்ரேசர் அடுத்த ஆண்டே, எதிர்பார்த்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைநழுவியதும், ஸ்டூடியோக்களை மூடவும் ஆட்களைக் குறைக்கவும் ஆரம்பித்தது. முடிவெடுத்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வரைந்தவர்கள்தான் தெருவில் நிற்கிறார்கள்.

யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் 2021 டிசம்பரில் கோஸ்ட் ரீகான் பிரேக்பாயின்ட் கேமில் ஹெல்மெட், துப்பாக்கிகளை என்எஃப்டியாக விட்டது. ஆடுபவர்கள் காறித் துப்பினார்கள். 2022 ஏப்ரலில் அந்த கேமுக்கே இனி புதிய உள்ளடக்கம் இல்லை என்று அறிவித்தார்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற என்எஃப்டி கேமை ஆடியே கொரோனா காலத்தில் பிழைத்த குடும்பங்கள் பிலிப்பைன்ஸில் உண்டு. டோக்கன் விலை சரிந்தது. 2022 மார்ச்சில் அதன் ரோனின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது. அப்புறம் ‘லைவ் சர்வீஸ்’ மோகம், அதாவது ஒரே கேமை இணையத்தில் தொடர்ந்து நடத்திக் காசு பார்ப்பது. சோனியின் கான்கார்ட் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், செய்த ஸ்டூடியோவை அக்டோபரில் மூடினார்கள்.

ஆக, முதலாளியின் புது மோகத்தைச் சந்தேகிப்பது சரி. ஆனால் அந்தச் சந்தேகத்திலிருந்து “இதுவும் போய்விடும்” என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் நான் ஏற்கவில்லை. என்எஃப்டியை ஆடுபவர்களும் கேட்கவில்லை, வரைபவர்களும் கேட்கவில்லை. விற்பவர்களுக்கு மட்டுமே அது தேவைப்பட்டது, அதனால் சீக்கிரம் காணாமல் போனது. ஏஐ அப்படி இல்லை. பத்து முதல்கட்ட ஸ்கெட்ச்களைச் சில நிமிடங்களில் அது தந்துவிடுகிறது, சுமாராக இருந்தாலும் தந்துவிடுகிறது. உங்கள் கிளையன்ட்டின் ஆர்ட் டைரக்டர் அனுப்பும் ரெஃபரன்ஸ்களில் அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பங்குச்சந்தைக் கூச்சல் ஒருநாள் அடங்கலாம், கருவி இருந்துகொண்டே இருக்கும்.

அதே சமயம் ‘ஏஐ வந்ததால் ஆள் தேவையில்லை’ என்று எச்ஆர் சொல்வதையும் அப்படியே விழுங்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கி முடித்த சில மாதங்களில், 2024 ஜனவரியில், கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. 2025 ஜூலையில் நிறுவனம் முழுவதும் ஏறக்குறைய 9,000 பேரைக் குறைத்தது. அப்போதுதான் முடிந்திருந்த நிதியாண்டில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு 8,000 கோடி டாலர் ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே போனவர்களில் எத்தனை பேருடைய வேலையை ஒரு ஏஐ மாடல் செய்துகொண்டிருக்கிறது? மிகச் சிலருடையதுதான் என்பது என் எண்ணம். பெரும்பாலும் நடந்தது பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது. இந்த வேறுபாடு பிறகு உங்களுக்குத் தேவைப்படும்.

சரி, காத்திருக்கலாமா? காத்திருக்கலாம், கையெழுத்துப் போடாமல். மோகம் இரண்டு ஆண்டில் போனாலும் “நிரந்தர அனுமதி” என்ற சொல் போகாது. கம்பெனி மூடினால்கூட அந்த அனுமதியை வேறொருவர் வாங்கிக்கொள்ள முடியும்.

டோக்கன் போனஸ் பற்றி: அது சம்பளத்தின் பகுதியா, அவர்களாக விரும்பிக் கொடுத்ததா என்பதைப் பொறுத்தே வழி. சம்பளத்தைப் பணமாகவோ காசோலையாகவோ வங்கி மூலமாகவோதான் தர வேண்டும், டோக்கனாகத் தர முடியாது. ஆனால் நான்கைந்து ஆண்டு கழித்து இதைக் கிளறுவதில் பெரிய பலன் தெரியவில்லை. ஒருவேளை எப்போதாவது விற்று லாபம் வந்தால் (வராது) 30 சதவீதம் வரி, அவ்வளவுதான். ‘ஏஐ பிரிவில் பங்கு’ என்பதை மட்டும் கவனியுங்கள். ஊழியர்களுக்குப் பங்குத் திட்டம் என்றால் கம்பெனிச் சட்டப்படி பங்குதாரர் தீர்மானம் வேண்டும், உங்கள் பெயருக்கு எழுத்தில் கடிதம் வேண்டும், ஒதுக்குவதற்கும் கைக்கு வருவதற்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். மீட்டிங்கில் ஸ்லைடு போட்டுக் காட்டிய சதவீதம் பங்கு ஆகாது. அதைச் சம்பள உயர்வாக நினைத்து வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

குரலும் முகமும்

தற்காலிகக் குரல் பதிவுக்கும் அசைவு ரெஃபரன்ஸுக்கும் நீங்களே நின்று கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் நடிகர்கள் இதற்காகவே 2024 ஜூலை 26 முதல் ஏறக்குறைய ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து, சம்மதம் வாங்காமல் டிஜிட்டல் பிரதி எடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பைப் பெற்றார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. இங்கே டெல்லி உயர்நீதிமன்றம் 2023-ல் அனில் கபூருக்கும், பம்பாய் உயர்நீதிமன்றம் 2024-ல் அரிஜித் சிங்குக்கும் ஏஐ நகலுக்கு எதிராகத் தடை கொடுத்தன. அவர்கள் பிரபலங்கள், அவர்கள் குரலுக்குச் சந்தை விலை இருக்கிறது. உங்களுக்கும் அதே பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன் முக்கியக் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வர 2027 ஆகிவிடும், அதிலும் வேலை தொடர்பான பயன்பாட்டுக்கு முதலாளிகளுக்குச் சில சலுகைகள் உண்டு. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று நம்பாமல் இந்தப் பிரிவை அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். கலைஞராகச் சேர்ந்த உங்களிடம் குரலுக்கு நிரந்தர அனுமதி கேட்க அவர்களுக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. பெரும்பாலும் இதில் அவர்கள் பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள்.

போடாவிட்டால் என்ன ஆகும்?

மறுநாளே அனுப்பிவிட முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது. மேல்முறையீடும் செய்யலாம், ஆனால் அதற்கான காலக்கெடு குறுகியது, தள்ளிப்போடக் கூடாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் ‘லீட்’ என்ற உங்கள் பதவிப் பெயரைக் காட்டுவார்கள். நீதிமன்றம் பெயரைப் பார்ப்பதில்லை. ஆள் எடுக்கவும் நீக்கவும் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா, அல்லது நீங்களும் உட்கார்ந்து மாடல் செய்தீர்களா என்பதைப் பார்க்கும். தொழில் தகராறுச் சட்டங்களின் கீழ் தொழிலாளி என்று நிலைநாட்டினால், ஆட்குறைப்பின்போது முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் இழப்பீடாகக் கேட்கலாம்.

“ஏஐ வந்துவிட்டது” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது நியாயமான காரணம் ஆகிவிடாது. எந்த வேலை குறைந்தது, ஏன் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் கதையை மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம் இருப்பதும் வழக்கு நடத்துவதும் வேறு வேறு. வருடக்கணக்கில் இழுக்கும். சிறிய துறை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ரிலீவிங் லெட்டரை வைத்து இழுத்தடிப்பார்கள். உங்கள் வீட்டில் இரண்டு சம்பளம் இருக்கிறதா, கடன் தவணை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது என்றால் பேச்சுவார்த்தையில் நீங்கள் எடுக்கும் தொனி வேறாக இருக்க வேண்டும்.

பாண்ட் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை, அலட்சியப்படுத்தும் அளவுக்கும் இல்லை. வேலையை விட்டுப் போன பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. குறைந்தபட்ச காலம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட் அப்படித் தானாகச் செல்லாமல் போய்விடாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது புதிதாக ஆள் எடுக்கும் செலவை எண்ணிப் பார்க்கும் பொதுத்துறை வங்கி. உங்கள் விஷயத்தில் உங்களுக்காக அவர்கள் என்ன செலவு செய்தார்கள்? 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஐந்து லட்சத்துக்கான கணக்கை எழுத்தில் கேளுங்கள். ‘பயிற்சிச் செலவு’ என்றால் என்ன பயிற்சி, யார் கொடுத்தது, எத்தனை நாள் என்று கேளுங்கள்.

“இப்போது போட்டுவிட்டு, பிறகு மிரட்டி வாங்கினார்கள் என்று கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். படித்தவர், பல ஆண்டு அனுபவம் உள்ளவர், கையில் சில நாள் அவகாசம் இருந்தது. அந்த வாதம் நிற்பது கடினம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வெள்ளிக்கிழமைக்கு முன் எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம், ஏஐ நல்லதா கெட்டதா என்ற விவாதமும் வேண்டாம். ஒப்பந்தத்தைப் படித்தேன், நிறுவனத்தின் புதிய முயற்சிக்கு ஒத்துழைக்கத் தயார், கையெழுத்துக்கு முன் சில பிரிவுகளில் தெளிவு வேண்டும் என்று தொடங்குங்கள். பிறகு கேளுங்கள்: சொந்தப் படைப்புகளை நீக்கி, அவற்றின் பட்டியலை இணைப்பாகச் சேர்க்க வேண்டும். 2020-க்கு முந்தைய படங்களுக்கு அனுமதி வேண்டுமானால் தனியாகப் பேசி, தனியாகத் தொகை தர வேண்டும். குரல், முகம் தொடர்பான பிரிவு நீங்க வேண்டும். மூன்றாம் தரப்பு வழக்கின் பொறுப்பு நிறுவனத்துடையது என்று மாற வேண்டும். கிளையன்ட்டுகளின் அனுமதி பெறப்பட்டிருக்கிறது என்று நிறுவனம் எழுத்தில் உறுதி தர வேண்டும். இதில் முதலும் நான்காவதும் கிடைத்தால் மற்றவற்றில் இறங்கி வரலாம் என்பது என் கருத்து.

தனியாகப் போகாதீர்கள். ஐந்து பேர் ஒரே மாதிரிக் கேட்டால் அதற்குக் கிடைக்கும் பதிலே வேறு. ‘ஐடி மாதிரித் துறையில் சங்கமெல்லாம் கிடையாது’ என்று யாராவது சொன்னால், ஐடி நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. சங்கம் வரை போகாவிட்டாலும், ஒரே மின்னஞ்சலில் ஐந்து பெயர் இருக்கட்டும்.

கூடவே வெளியே வேலை தேட ஆரம்பியுங்கள். கருவியைக் கற்றுக்கொள்வதையும் தள்ளிப்போட வேண்டாம், அதைக் கற்பதும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் ஒன்றல்ல. ‘ஏஐ கோர்ஸ், வேலை உறுதி’ என்று பெரிய தொகை கேட்பவர்களிடம் அந்த உறுதியை ரசீதோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அந்த மூன்று ஆண்டு ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்களைத் தேடி எடுங்கள். மின்னஞ்சலில் ஒரே ஒரு வரியாக இருந்தாலும் சரி, பர்ச்சேஸ் ஆர்டராக இருந்தாலும் சரி. நேரில் பார்க்கும் வக்கீலிடம் முதலில் அதைக் காட்டுங்கள், ஏனென்றால் 18-ஆம் பிரிவு உங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.